எங்கள் வீட்டு அம்பாசிடர்

மரகத நடராசர் கோயிலால் பலரும் அறிந்த உத்தரகோசமங்கையே எங்கள் ஊர். எங்கள் வீட்டில் தாத்தாவின் 1986 மாடல் அம்பாசிடர் கார் இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான இவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் எங்கள் கார் ஓய்வு பெற முடியாது. சிறுநீரகம் பழுதடைந்த என் அப்பத்தாவை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக இராமநாதபுரம் அழைத்துச் செல்வது அதுதான்.

சென்ற ஆண்டு அதற்கு ஒரு விசித்திர நோய் வந்தது. பல நாள் சாவியைத் திருப்பியதும் உறுமி எழும். சில நாள் ‘டக்’ என்ற ஒலியோடு அடங்கிவிடும். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனாலோ சமர்த்துப் பிள்ளை போல் உடனே கிளம்பும்! ஒருவர் பேட்டரி என்றார், புதிது போட்டோம். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. இன்னொருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார். கையில் இருந்ததோ அப்பத்தாவின் மருந்துக்கான பணம். ஒரு நாள் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. “என்னாலதானே எல்லாருக்கும் கஷ்டம்” என்று அப்பத்தா கூறியது என் நெஞ்சைச் சுட்டது.

“எப்பவோ வர்ற திருடனை வரும்போதுதான் பிடிக்கணும் தாயி” என்றார் தாத்தா. அன்று முதல் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். தேதி, நேரம், கேட்ட ஒலி, முகப்பு விளக்கின் வெளிச்சம் ஆகியவற்றைக் குறித்தேன். மூன்று வாரத்தில் ஆறு முறை கார் மறுத்தது. ஆறு முறையும் விளக்கு மங்கவே இல்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் விளக்கு மங்கியிருக்கும். ஆகவே பேட்டரியில் சக்தி உண்டு; அது மோட்டாரை அடையவில்லை என்று தெரிந்தது.

ஏழாவது முறை கார் மறுத்தபோது மல்டிமீட்டருடன் தயாராக இருந்தோம். கியரை நியூட்ரலில் வைத்துத் தாத்தா சாவியைத் திருப்பினார். பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் 8 வோல்ட் காட்டியது! எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதையும் காரின் உடலையும் ஒரு செம்புப் பின்னல் பட்டை இணைக்கிறது. வாலிநோக்கம் உப்பளப் பக்கத்திலிருந்து வீசும் கடற்காற்றில் அது பச்சை பூத்து, போல்ட்டும் தளர்ந்திருந்தது.

வகுப்பில் படித்த ஓம் விதி அப்போதுதான் எனக்கு உயிர் பெற்றது. மோட்டாருக்குச் சுமார் 200 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். வழியில் 0.05 ஓம் தடை இருந்தால் அதற்கே 10 வோல்ட் தேவைப்படும். 12 வோல்ட் பேட்டரி என்ன செய்யும்? விளக்குகளுக்கோ 10 ஆம்பியர் அளவே போதும். அவற்றின் மின்னோட்டம் அந்தப் பட்டை வழியாகச் செல்வதும் இல்லை. பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் தடவினோம். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. எட்டு மாதமாகியும் கார் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

தோழியரே, எப்போதாவது தலைகாட்டும் குறைதான் நம்மை அதிகம் ஏமாற்றும். ஊகத்தால் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, பொறுமையாகக் கவனித்து எழுதி வைப்பதே மேல். இப்போது அதே நோட்டில் அப்பத்தாவின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வருகிறேன். டாக்டர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

— பத்தாம் வகுப்பு மாணவி