முள்ளும் முழங்காலும்



நான்கு மாத இடைவெளிக்குப் பின் மீண்டும் உங்களுக்கு எழுதுகிறேன். என் வலது கால் முட்டி மாற்றப்பட்டதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். திருச்சிக்கே வந்து மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர்களுக்கும், வீடு திரும்பிய பின் இட்லியும் கஞ்சியும் கொடுத்தனுப்பிய சகோதரிகளுக்கும், நான் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனையைத் தடையின்றி நடத்திய மூப்பர்களுக்கும் முதலில் என் நன்றி. "ஐயா, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்தப் பதிலோடு சேர்த்து உங்கள் முன் அறிக்கையிட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நலச்செய்தி மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை.

வலி தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் படி இறங்கும்போது மட்டும் தெரிந்தது. பின்னர் உட்கார்ந்து எழும்போதெல்லாம் தெரிந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில், ஜெபத்திற்காக முழங்காற்படியிட்டால் பலிபீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளாமல் எழ முடியாத நிலை வந்தது. வீடு சந்திக்கும் ஊழியத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டேன். சில தெருக்களில் வண்டியை விட்டு இறங்காமலேயே நலம் விசாரித்து, அங்கிருந்தபடியே ஜெபித்துவிட்டு வந்திருக்கிறேன். "ஐயாவுக்கு வேலை அதிகம்" என்று நீங்கள் பெருந்தன்மையோடு எண்ணிக்கொண்டீர்கள். உண்மையில், உங்கள் வீட்டில் பாய் விரித்து உட்காரச் சொல்வீர்களே, உட்கார்ந்தால் எழ முடியாதே என்ற அச்சந்தான் என்னை வாசலோடு நிறுத்தியது.

மருத்துவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று உண்டு. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். என் படத்தில் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, உள்பக்கத்தில் அறவே இல்லை. மாத்திரையும் ஊசியும் சில காலம் வலியைக் குறைக்கலாம், தேய்ந்தது வளராது என்று அவர் சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், மீண்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், பயந்தேன் என்பதுதான் நேர்மையான விடை. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பவுலடியாரின் மாம்சத்தில் இருந்த முள்ளைப் பற்றிப் பிரசங்கித்தேன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம். உங்களில் பலருக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கலாம். என் முட்டியைத் தட்டிக் காட்டி, "எனக்கும் ஆண்டவர் ஒரு முள்ளைத் தந்திருக்கிறார், இதைச் சுமந்துகொண்டே ஓடி முடிப்பேன்" என்றேன். பலர் கண் கலங்கினீர்கள். அந்தக் கண்ணீர் எனக்கு உள்ளூர இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முட்டி மாற்றுவது பெரிய இடத்து மனிதர்களுக்கான காரியம் என்ற எண்ணமும் என்னிடம் இருந்தது. அந்தச் சிகிச்சையைப் பற்றி நான் முதன்முதலில் நாளிதழில் படித்தது, அப்போதைய பிரதமர் வாஜ்பாய்க்கு அது செய்யப்பட்டபோது. 2000 அக்டோபரில் அவருடைய இடது முட்டியும் 2001 ஜூனில் வலது முட்டியும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றப்பட்டன. செய்தவர் நியூயார்க்கில் பணியாற்றிய டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இன்றைய செயற்கை முட்டிகளுக்கு முன்னோடியான ஒன்றை 1970களில் வடிவமைத்த குழுவில் அவரும் ஒருவர். இரண்டாவது அறுவைக்குப் பின் ஆறு வாரங்கள் நிறைவதற்குள், எழுபத்தாறு வயதான பிரதமர் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப்போடு பேச்சுவார்த்தையில் அமர்ந்திருந்தார். அதைப் படித்தபோது, பிரதமருக்கு அமெரிக்காவிலிருந்து மருத்துவர் வருவார், நமக்கு யார் வருவார் என்று எண்ணிக் கடந்துபோனேன்.

ஆனால் இடையில் காலம் வெகுவாக மாறியிருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றுவந்த, பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகையின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடைபெறுகிறது. இவை எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தும் முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சென்ற மழைக்காலத்தில் குளியலறையில் கால் மடிந்து விழுந்த பிறகுதான், என் மனைவியும் பிள்ளைகளும் என்னைக் கேளாமலே மருத்துவமனையில் நாள் குறித்தார்கள்.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. தேய்ந்த எலும்பின் முனைகளைச் சீவி, தொடை எலும்புக்கு உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்புக்கு உலோகத் தட்டு, நடுவே குருத்தெலும்பின் இடத்தில் கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக் என்று அமைத்திருக்கிறார்கள். உலோகத்தை எலும்போடு ஒட்டுவதற்குச் சிமெண்ட் பயன்படுத்தினோம் என்று மருத்துவர் சொன்னதை, பார்க்க வந்த நம் சபைத் தம்பியிடம் சொன்னேன். ஆலையில் வேலை பார்க்கிறவர் அல்லவா, முகம் மலர்ந்து, "நம்ம ஊரு சிமெண்டா ஐயா?" என்றார். வயிறு குலுங்கச் சிரித்தோம். அது பற்களுக்குப் பயன்படும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த பசை. நம் ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மருத்துவரின் வேலை அன்றோடு முடிந்தது. என் வேலை மறுநாள் காலையில் தொடங்கியது. வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நான்கு அடி வைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து ஆறு வாரங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, பயிற்சிகள். இரத்தம் உறையாதிருக்கப் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை வைத்திருப்பது, படுக்கையில் குதிகாலை உரசி இழுத்து முட்டியை மடக்குவது என்று பட்டியல் நீண்டது. நாற்காலியிலிருந்து இயல்பாக எழுவதற்கே முட்டி 90 டிகிரியாவது மடங்க வேண்டும். முதல் வாரம் எனக்கு 60 மடங்கியது. பயிற்சி தந்த தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "வலிக்கும் ஐயா. ஆனா இந்த வலி எதையும் கெடுக்காது. வலிக்குதுன்னு விட்டுட்டீங்கன்னா அப்படியே இறுகிப்போயிடும்" என்றார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, இன்று வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். என் மனைவி ஐஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் நின்றார். "ஊருக்கெல்லாம் பொறுமையைப் பத்திப் பிரசங்கம் பண்றீங்க. பத்துத் தடவை காலை மடக்க மட்டும் பொறுமை இல்லையா?" என்றார். திரும்பி மடக்கினேன். அவர் எண்ணினார். ஏழுக்குப் பிறகு மறுபடியும் ஏழு என்று எண்ணியதாக எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

ஆறாம் வாரத்தில் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. படியேற நல்ல கால் முதலில், படியிறங்க அறுவை செய்த கால் முதலில் என்று கற்றுக்கொண்டேன். மூன்றாம் மாதம் முடிந்தபோது மருத்துவர் இருசக்கர வண்டிக்கு அனுமதி தந்தார். இன்று கைத்தடியின்றி, லாரிகள் போகாத காலை வேளையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். தரையில் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் விட்டுவிட வேண்டும். முழங்காற்படியிட்டால் முட்டி உடைந்துவிடாது, ஆனால் தழும்பின் மேல் எடை அழுத்தும், தவிர்த்துவிடுங்கள் என்றார் மருத்துவர். நாற்பது ஆண்டுகளாக முழங்காலில் நின்று நாளைத் தொடங்கியவனுக்கு அது எளிய கட்டளை அன்று.

நான் திரும்பி வந்த முதல் ஞாயிறன்று பாவ அறிக்கை ஜெபத்தில் நீங்கள் யாவரும் முழங்காற்படியிட்டீர்கள். நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். குனிந்த தலைகளுக்கு மேலே என் தலை மட்டும் உயர்ந்திருந்தது கூச்சமாக இருந்தது. அப்போது கடைசி வரிசைச் சுவரோரம், வயதான ஒரு தாயார் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டே ஜெபிப்பதைக் கண்டேன். முப்பது ஆண்டுகள் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவர். அவர் எத்தனை ஆண்டுகளாக அப்படி நின்று ஜெபிக்கிறாரோ தெரியவில்லை. நானும் முழங்காலில் இருந்தவரை என் கண்ணில் அது படவில்லை.

ஆராதனை முடிந்தபின் அவர் ஆடி ஆடி நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒங்க முள்ள எடுத்துட்டாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்க அன்னைக்கிச் சொன்னீங்களே, அந்த முள்ளு. அதக் கேட்டுட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்கிப் போவல. எம்மவன் கூப்புட்டான். ஆண்டவரு குடுத்தது, இருந்துட்டுப் போவுதுன்னு சொல்லிட்டேன்."

அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. எனக்குச் சுகம் கிடைத்ததில் அவருக்கு மெய்யான மகிழ்ச்சி. அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்றிரவு அந்த அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை ஆண்டவரை வேண்டிக்கொண்டார் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. முதலில் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார், பதில் வந்த பிறகே ஏற்றுக்கொண்டார். மருத்துவரான லூக்காவும் அவருடைய உடன்ஊழியராக இருந்தார். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மருத்துவரின் வாசலையும் மிதிக்காமல், பயத்திற்கு விசுவாசம் என்று பெயரிட்டு, அந்தப் பெயரிலேயே உங்களுக்கும் பரிமாறினேன். ஏசாயா தீர்க்கதரிசி தம் முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் ஓய்ந்த கைகளுக்கும் நிற்கமாட்டாத முழங்கால்களுக்கும் வலுவூட்டும்படி கட்டளையிடுகிறார். நானோ அந்த முழங்கால்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாயாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது சபையாரிடமும் கேட்கிறேன்.

நீங்காத முட்கள் உண்டு. அவற்றோடு வாழ்கிற உங்களில் சிலரை நான் அறிவேன். அவர்களுக்குக் கிருபை போதுமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எது நீங்காத முள் என்பதைக் கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்துவிடாதீர்கள். எல்லா முட்டி வலிக்கும் அறுவையே மருந்து என்றும் நான் சொல்லவரவில்லை. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டினால், உடல் எடையைக் குறைத்தும் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தும் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். எட்டு ஆண்டுகளை வீணாக்கியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் அந்தத் தாயாரை அவருடைய மகனும் நானுமாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு முட்டிகளும் தேய்ந்திருக்கின்றன. காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு மிக அதிகம். அது இறங்காமல் அறுவை செய்தால் புண்ணில் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை. மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு, எனக்குக் கற்றுத் தந்த தொடைப் பயிற்சியை அவருக்குக் கற்றுத் தருகிறேன். நான் எண்ணுகிறேன். அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். அடுத்த பரிசோதனை அடுத்த மாதம். அவருக்காக ஜெபியுங்கள்.

வரும் ஞாயிறு முதல் ஆலயத்தின் முன்வரிசையில் எட்டு நாற்காலிகள் போட மூப்பர்கள் இசைந்திருக்கிறார்கள். முழங்காற்படியிட இயலாதவர்கள் தூணைப் பிடித்து நிற்க வேண்டாம். கூச்சமின்றி முன்னால் வந்து அமருங்கள். அவற்றில் ஒன்றில் நானும் இருப்பேன்.

எங்கள் சரீரங்களை உண்டாக்கின பிதாவே, நாங்கள் கேட்கத் தவறிய உதவிகளுக்காகவும், மற்றவர்கள் கேட்காதபடி நாங்கள் தடுத்துவிட்ட உதவிகளுக்காகவும் எங்களை மன்னியும். நடக்க முடிந்த கால்களை, நடக்க முடியாதவர்களின் வீட்டு வாசலுக்கு நடத்தும். ஆமென்.