குறை குரலில் இல்லை

அப்போது நான் நான்காம் படிவ மாணவன். பள்ளித் திட்டப்பணிக்காக என் பாட்டியின் தோட்டப்புற நினைவுகளைப் பதிவு செய்ய விரும்பினேன். ஒரு சனிக்கிழமை காலை, நானும் பாட்டியும் கிள்ளானில் கொமுட்டர் இரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திற்கு நடந்தோம். 82 வயதுப் பாட்டி படியேறியதிலேயே களைத்துவிட்டார். எங்களுக்கு இரண்டு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது.

விடியற்காலைப் பெரட்டு, பால்மரக் காடு, தோளில் தொங்கிய காண்டா வாளி எனப் பாட்டி பேசத் தொடங்கினார். ஹெட்போனிலோ அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இடையிடையே கரகரப்பு வேறு. நான் பதற்றத்தில் ஒலியளவைக் கூட்டினேன், கம்பியை அசைத்தேன், கண்ணில் பட்ட பொத்தான்களை எல்லாம் அழுத்தினேன். கரகரப்புதான் கூடியது.

"என் குரல்தான் கெட்டுவிட்டதோ, ஐயா?" என்று பாட்டி மெல்லக் கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஒலிப்பதிவாளர் அண்ணன் உள்ளே வந்தார். "தம்பி, எதையும் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். எல்லாவற்றையும் மாற்றினால் எது குறை என்று எப்படித் தெரியும்?" என்றார்.

முதலில் அவர் ஒலியளவைக் குறைத்து, ஒலிவாங்கிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு கம்பியை மட்டும் மாற்றினார். அந்த வகை ஒலிவாங்கி இயங்க 48 வோல்ட் மின்சாரம் தேவையாம். குரலைக் கொண்டுவரும் அதே கம்பி வழியாகவே மின்சாரமும் செல்லுமாம். பழைய கம்பியின் முனையைத் திறந்து காட்டினார். உள்ளிருந்த மூன்று இணைப்புகளில் ஒன்றின் பற்றவைப்பு விட்டிருந்தது.

புதிய கம்பியில் கரகரப்பு நின்றது. ஆயினும் குரல் தொலைவிலேயே ஒலித்தது. "அப்படியானால் இன்னொரு குறையும் உண்டு," என்றவர் ஒலிவாங்கியை உற்று நோக்கிச் சிரித்தார். அது சுவரைப் பார்த்து நின்றது! அதன் முன்பக்கம்தான் குரலை நன்கு வாங்கும். பின்பக்கம் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும். பாட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று காலையில் அதைத் திருப்பி வைத்தவன் நானே.

அண்ணன் அதைத் திருப்பி, பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். "பாட்டி, உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை," என்றார். பாட்டியின் முகம் மலர்ந்தது.

நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து தேடச் சொன்னார் வள்ளுவர். அக்குறளைத் தேர்வுக்காக மனனம் செய்திருந்தேன். அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

பாட்டி இன்று இல்லை. "ஐயா, இப்பொழுது கேட்கிறதா?" என்ற கேள்வியோடு அவருடைய பதிவு தொடங்குகிறது. அதை மட்டும் நான் வெட்டி எடுக்கவே இல்லை.