ஏணி எந்தப் பக்கம்?

"இந்த வயசுல பொம்மை பிளேனா?"

வீட்டுக்கு வர்ற அத்தனை பேரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பொம்மை இல்லீங்க, ஸ்கேல் மாடல்! நிஜ விமானத்தை அளவு மாறாம 72 மடங்கு சுருக்கினது. மிக்-21 போர் விமானத்தோட இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7.15 மீட்டர். என் மேஜையில அது பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை கம்மி.

ஒட்டுறது பெரிய வேலையே இல்லை. அதுக்கப்புறம்தான் இருக்கு கூத்து! இணைப்பு தெரியாம உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். மூக்குல நீட்டிக்கிட்டிருக்கிற பிட்டோட் குழாய் கிட்ல வர்றது விறகுக்கட்டை மாதிரி இருக்கும். அதை வெட்டிட்டு இன்ஜெக்ஷன் ஊசி வெச்சேன். பாகங்கள் கோத்து வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல ஒரு துண்டை மெழுகுவர்த்தியில காட்டி இழுத்தா, ஆன்டெனாவுக்கு மெல்லிசா குச்சி ரெடி. காக்பிட் உள்ளே ரஷ்யாக்காரங்களுக்கே உரிய அந்தப் பச்சை கலந்த நீலம். மூவர்ண வட்டத்தை மட்டும் அவசரப்பட்டு மேட் பெயின்ட் மேலேயே ஒட்டிட்டேன். அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்குச்சு. முதல்ல பளபளா வார்னிஷ் அடிச்சுட்டுத்தான் ஒட்டணும்னு மூணு செட் டிகால் பாழானப்புறம் புரிஞ்சது.

கடைசியா 'வெதரிங்'. அதாவது, அழுக்காக்குறது! பேனல் கோடு எல்லாத்துலயும் கறுப்பு வழியவிட்டேன். ரெண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி எட்டிப் பார்க்கிற மாதிரி செஞ்சேன். நாலு மாச உழைப்பு. நிஜம் தோத்துடும்னு எனக்கு நினைப்பு.

2025 செப்டம்பர் 26. சண்டிகர்ல மிக்-21க்கு பிரிவு உபசாரம். 1963ல இதே சண்டிகர்லதான் நம்ம விமானப்படையில அது சேர்ந்தது. பெரியப்பா எங்க வீட்டு டி.வி. முன்னால அசையாம உட்கார்ந்திருந்தார். அவர் விமானப்படையில ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா இருந்தவர். பாதி சர்வீஸ் மிக்-21 கூடத்தான். இதைவிட நல்ல நேரம் வருமா? மாடலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "யாருடா இதைத் துடைக்காம விட்டது?"

பாராட்டுக்குக் காத்திருந்தவன் முகத்துல ஒரு வாளித் தண்ணி!

"தினம் துடைப்போம்டா. வயித்துக்கு அடியில எண்ணெய் கசியும், சரி. வால் பக்கம் சூட்டுல நிறம் மாறியிருக்கும், அதுவும் சரி. வலது பக்கம் ஏன் சுரண்டி வெச்சிருக்க?"

"ஆளுங்க ஏறி இறங்கி..."

"கண்ணாடிக் கூண்டு வலது பக்கம் சாய்ஞ்சு திறக்கும். அந்தப் பக்கம் எவன் ஏறுவான்? ஏணி இடது பக்கம்தான். ஆமா, ஏணி எங்க?"

"கிட்ல வரல பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. டி.வி.யில ஜெட் சத்தம்.

"பைலட் உட்கார்ந்ததும் ஏணியை எடுப்போம். வந்து நின்னதும் மாட்டுவோம். ஒரு நாள் ஏணியோட நின்னுக்கிட்டே இருந்தேன். இருட்டினப்புறம் சீஃப் வந்து, கொண்டுபோய் வைடான்னார்."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா காபி கொண்டு வந்து வெச்சாங்க. ஆறிப் போச்சு.

அன்னிக்கு ராத்திரி வலது பக்கத்தைத் தேய்ச்சு மறுபடி பெயின்ட் அடிச்சேன். மூடி ஒட்டியிருந்த கூண்டை பிளேடால நெம்பினேன். உடைஞ்சிருந்தா எல்லாம் போச்சு, உடையல. வலது பக்கம் சாய்ச்சு ஒட்டினேன். மூணு சென்டிமீட்டர்கூட வராத ஏணிக்குப் படி ஒட்ட விடியற்காலை ஆயிடுச்சு. ரெண்டு தடவை கையிலயே நொறுங்குச்சு.

காலையில பெரியப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். முன்னால வெச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சுண்டுவிரல் நகத்தால ஏணியை லேசா ஒரு தள்ளு தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி."