திருநள்ளாற்றில் ஒரு ராத்திரி

காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான் திருநள்ளாறு. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக் கூட்டம் ஓயட்டும் என்று ஒரு மாதம் பொறுத்து, மாமியாரும் நானும் என் இரண்டு வயதுப் பெண்ணும் போனோம்.

விடுதியில் நடுராத்திரி குழந்தை வீறிட்டாள். விளக்கைப் போட்டால், கையில் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள்!

"கொசுவா இருக்கும் அத்தே" என்றேன். அத்தை பேசாமல் மெத்தையின் தையல் ஓரத்தைப் புரட்டினார். கறுப்புப் புள்ளிகள்; நடுவே தட்டையாய், பழுப்பாய் ஒன்று ஊர்ந்தது.

"மூட்டைப்பூச்சிம்மா! முதல்லே கட்டில் மேலேருந்து பையை எடு."

வேறு மாடியில் அறை மாற்றிக் கொடுத்தார்கள். மூட்டைப்பூச்சிக் கடியால் நோய் பரவாது. சொறிந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஈரத்துணியால் ஒத்தி, குழந்தையின் நகத்தை வெட்டிவிட்டேன்.

காலையில் நள தீர்த்தத்தில் முழுக்கு, தர்ப்பாரண்யேஸ்வரர், சனீஸ்வரன் தரிசனம். தோஷம் தொலைய, குளித்த துணியை அங்கேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கோ துணியோடு பூச்சி வீட்டுக்கு வந்துவிடுமோ என்றுதான் கவலை!

வீடு திரும்பியதும் பையை வாசலிலேயே பிரித்தோம். துணிகளையும் துணிப்பையையும் கொதிக்கும் வெந்நீரில் அமுக்கி வைத்தேன். நல்ல சூட்டில்தான் முட்டையும் சாகும். சும்மா மூடி வைத்தால் போதாது. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் ஜன்மம் அது. மண்ணெண்ணெய் தெளிக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம், தீ விபத்தாகும்.

வெளியூரில் அறைக்குள் நுழைந்ததும், குழந்தையைப் படுக்க வைக்குமுன் மெத்தை ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள், சகோதரிகளே!