ஒப்புகை

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையும் கணினி அறிவியல் துறையும் ஒரே மாடியின் இரு கோடிகளில் இருக்கின்றன. நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம். பதினெட்டு ஆண்டுகளாக இக்கோடியில் இருக்கும் நான் அக்கோடிக்குச் சென்றது விரல்விட்டு எண்ணக்கூடிய முறைகளே. அதுவும் வினாத்தாள் அச்செடுக்கவோ மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றவோதான். ஆகவே அத்துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் ஜூலை மாதத்தில் ஒருநாள் என் மேசைக்கு வந்து, "மேடம், எங்க வகுப்புல ஒரு மணி நேரம் வந்து உக்கார முடியுமா?" என்று கேட்டபோது சற்று வியப்பாகவே இருந்தது.

மூன்றாம் ஆண்டின் ஐந்தாம் பருவத்தில் அவர் நடத்துவது கணினி வலையமைப்பின் அடிப்படைகள் என்னும் தாள். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் பலர் அதில்தான் ஆண்டுதோறும் சறுக்குகிறார்களாம். முதல் அலகுக்கேனும் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்பது அவர் எண்ணம். முதல் நான்கு பருவங்களும் அம்மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழை நடத்தியவள் நான். அவர்கள் முகங்களெல்லாம் எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

தமிழாசிரியர்களுக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பொருளைக் கைப்பற்றிவிட்டோம் என்று நினைப்போம். நானும் முதல்நாள் இரவே ஒரு தாளில் கலைச்சொற்களை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டேன். வலையமைப்பு, நெறிமுறை, திசைவி, பொதி, ஒப்புகை. மறுநாள் அத்தாளை நண்பரிடம் நீட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே, "பசங்களுக்குப் பாக்கெட்னா தெரியும் மேடம். காலையில பால் பாக்கெட் வாங்காதவன் யாரு? வார்த்தை தெரியாம அவங்க விழல" என்றார். எனக்குச் சற்று முகம் சுண்டிவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. பின்வரிசைக்கு முந்திய பலகையில் போய் அமர்ந்தேன்.

அவர் ஒரு கதையோடு தொடங்கினார். 1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லியோனார்டு கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடம். சார்லி கிளைன் என்னும் மாணவர் அங்கிருந்த கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால் என்பவர் இன்னொரு கணினியின் முன் இருக்கிறார். இரண்டையும் இணைத்து 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப வேண்டும். இருவர் காதிலும் தொலைபேசி. 'எல்' என்ற எழுத்தைத் தட்டிவிட்டு, வந்ததா என்று கேட்கிறார் இவர். வந்தது என்கிறார் அவர். அடுத்து 'ஓ'. அதுவும் வந்தது. மூன்றாவதாக 'ஜி'யைத் தட்டியதும் அந்தப் பக்கத்துக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச்சொல்லும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் இணையமாக விரிந்த ஆர்ப்பாநெட்டில் சென்ற முதல் செய்தி இரண்டே எழுத்து!

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணினியைப் பற்றிய பாடம் இப்படி ஒரு தோல்வியிலிருந்து தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பிய ஒவ்வோர் எழுத்துக்கும், 'வந்ததா?' என்று கேட்டு, 'வந்தது' என்ற விடையைப் பெற்ற பிறகே அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள் என்பது மனத்தில் தைத்தது.

பிறகு பொதிகளுக்கு வந்தார். பழைய ட்ரங்க் காலில் இருவர் பேசும்வரை அந்தக் கம்பிவழி அவர்களுக்கே உரியது; பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் பிறர் நுழைய முடியாது. வலையமைப்பில் அப்படியில்லை. செய்தியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தின் முகவரியையும் வரிசை எண்ணையும் எழுதி, ஒரே வழியில் பலருடைய துண்டுகளையும் கலந்து அனுப்புவார்கள். ஒரு துண்டு ஒரு வழியாகவும் மற்றொன்று வேறு வழியாகவும் போகலாம். முன்னது பின்னதாகவும் வந்து சேரலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் பாரன் இதைச் சிந்தித்தார். அவரை அறியாமலே 1965-இல் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் இதே முடிவுக்கு வந்தார். 'பாக்கெட்' என்ற பெயரை இட்டவர் டேவிஸ். பிற மொழிகளிலும் அச்சொல் எளிதில் வழங்குமா என்று மொழியறிஞர்களைக் கலந்துகொண்டுதான் அவர் அதைத் தேர்ந்தாராம். (என் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டேவிஸ் எங்கள் ஊர்ப் பால்காரரையும் மனத்தில் வைத்தே பெயரிட்டார்போலும்.)

இனிமேல் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஐ.பி. என்னும் நெறிமுறை, பொதியைக் கொண்டுபோக முயலுமே ஒழிய, கொண்டுசேர்ப்பேன் என்று எவ்வித உறுதியும் தருவதில்லை. வழியிலுள்ள திசைவியில் கூட்டம் மிகுந்தால் அது சில பொதிகளைக் கைவிட்டுவிடும். வழி நம்பத்தக்கதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, நம்பகத்தை இரு முனைகளிலும் வைப்பதே டி.சி.பி. என்னும் நெறிமுறையின் வேலை. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்தார்கள். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் இம்முறைக்கு மாறியது.

இரு கணினிகள் பேசத் தொடங்குமுன் மூன்று செய்திகள் பரிமாறிக்கொள்ளும். நாம் அலைபேசியில், "நான் பேசுறது கேக்குதா?", "கேக்குது, நான் பேசுறது கேக்குதா?", "கேக்குது" என்று மும்முறை சொல்லிக்கொண்ட பிறகு செய்திக்கு வருவதில்லையா, அதுபோல. பிறகு பொதிகள் புறப்படும். பெறுபவர் ஒப்புகை அனுப்புவார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வரவில்லையென்றால் அனுப்பியவர் அதே பொதியை மீண்டும் அனுப்புவார்.

ஒப்புகை என்ற சொல் எனக்குப் பழைய உறவு. என் தந்தையார் பதிவுத் தபால் அனுப்பும்போதெல்லாம் ஒப்புகை அட்டை ஒன்றையும் இணைப்பார். எதிர்த்தரப்பின் கையொப்பத்தோடு அது திரும்பி வந்ததும் வீட்டுக் கம்பியில் குத்தி வைப்பார். அட்டை வராத கடிதம் அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத கடிதமே.

ஆனால் டி.சி.பி.யின் ஒப்புகை தபால் அட்டையைப் போன்றதன்று. அது வெறுமனே 'வந்தது' என்று சொல்வதில்லை. 1 முதல் 1460 வரையுள்ள பைட்டுகள் வந்துவிட்டால், '1461 வேண்டும்' என்று சொல்லும். அந்த 1461-இல் தொடங்கும் பொதி வழியில் தொலைந்து, அதற்குப் பின்னுள்ளவை வந்து குவிந்தாலும், ஒவ்வொரு முறையும் '1461 வேண்டும்' என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அதே எண் மேலும் மூன்று முறை வந்தால், அனுப்பியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் தொலைந்ததை உடனே அனுப்புவார். பெற்றதைச் சொல்வதைவிட, அடுத்து எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதைச் சொல்வதே ஒப்புகை.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நண்பர் கரும்பலகையைத் தட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். அறுபது குரல்கள், "புரிஞ்சுது சார்" என்றன. நானும் பதினெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் கேட்டு மகிழும் அதே விடை.

எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த மாணவனும் அப்படியே சொன்னான். இரண்டாம் ஆண்டில் பட்டிமன்றத்தில் அவன் பேசியபோது அரங்கமே கைதட்டியது. வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் அவனை நிறுத்தி, "எதுவரை புரிந்தது?" என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, "எல், ஓ வரைக்கும் வந்துச்சும்மா. அதுக்கப்புறம் நானும் விழுந்துட்டேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, மூன்று தாள்களில் அரியர் இருப்பதாகவும், பேருந்து நிலையத்துக்கு அருகில் அலைபேசி பழுதுபார்க்கும் கடையில் ஆள் கேட்கிறார்கள், தீபாவளியோடு கல்லூரியிலிருந்து நின்றுவிடலாம் என்றிருப்பதாகவும் சொன்னான். ஏனப்பா என்றேன். "நீங்கதானேம்மா சொன்னீங்க, இல்லிக்குடம்னு ஒண்ணு இருக்குன்னு. அது நான்தான்."

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கித் தலை, இடை, கடை என வகுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைநிலைக்குச் சொல்லப்பட்ட உவமைகளுள் ஒன்று ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், முதலாண்டு வகுப்புகளில் அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பது என் வழக்கம். யார் எருமை, யார் ஆடு என்று அவர்கள் ஒருவரையொருவர் சுட்டிக் கலகலப்பார்கள். வகுப்பு உயிர்பெற்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருவன் அப்பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு இரண்டாண்டுகள் சுமந்திருக்கிறான். அதை அவனுக்குக் கொடுத்தவள் நான்.

அன்றிரவு நன்னூலை மீண்டும் எடுத்தேன். பாடங்கேட்டலின் வரலாற்றில் பவணந்தியார் வேறொன்றும் சொல்கிறார். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் நூலில் பிழைபடமாட்டான். மூன்றாம் முறை கேட்டால் பிறருக்குச் சொல்லும் முறையையும் அறிவான் என்கிறார். ஆசான் உரைத்ததை நன்றாகவே கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு புலமைதான். இன்னொரு கால்பங்கு உடன்பயில்வோரோடு பழகுவதால் வரும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்றும் கணக்கிடுகிறார். நல்ல மாணவனுக்கே முதல்முறை கால்பங்குதான் சேரும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதே பாயிரத்தில் இல்லிக்குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை நான் ஏன் விட்டுவந்தேன்? சிரிப்பு வராது என்பதால்தான் போலும்.

குறிப்பு எழுதும் வேலைக்காக நண்பர் கொடுத்த நூல்களில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் நானூறு கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட்டுகள் சென்றுகொண்டிருந்த வழி திடீரென்று 40 பிட்டுகளாகச் சுருங்கியது. அதாவது நொடிக்கு 5 பைட். இன்றைய யூனிகோடுக் கணக்கில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே பொதுவாக 3 பைட் வேண்டும்! காரணம், ஒப்புகை வராதபோது ஒவ்வொரு கணினியும் அதே பொதியைப் பழைய வேகத்திலேயே மீண்டும் மீண்டும் திணித்ததுதான். நெரிசலால் தொலைந்ததை ஈடுசெய்யப் போய் நெரிசலைப் பெருக்கினார்கள். வான் ஜேக்கப்சன் 1988-இல் இதற்கு வழிகண்டு எழுதினார்: பொதி தொலைந்தால், அனுப்புபவர் தம் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பருவத் தேர்வு நெருங்க நெருங்க, பாடத்தை முடிக்க வேண்டுமே என்று நாங்கள் வகுப்பில் எடுக்கும் ஓட்டம் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் தடுமாறும்போது வேகத்தைக் குறைத்த நாள் ஒன்றேனும் உண்டா என்று யோசித்தேன். இல்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, விருப்பமுள்ளவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லி நானும் நண்பரும் ஒரு மணி நேரம் உட்காரத் தொடங்கினோம். முதல்முறை ஆறு பேர் வந்தார்கள். அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். கடைசியாக வந்து கதவோரம் அமர்ந்தான். நிபந்தனை ஒன்றே: 'புரிந்தது' என்று யாரும் சொல்லக்கூடாது. முடிவில் ஆளுக்கொரு துண்டுத்தாளில், அடுத்து எனக்கு வேண்டியது இது என்று ஒரு வரி எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. (கையெழுத்தைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.)

போர்ட் என்றால் துறைமுகமா என்று ஒரு தாள் கேட்டது. ஐ.பி. முகவரி வீட்டைக் காட்டும், போர்ட் எண் அவ்வீட்டில் யாருக்கு என்பதைக் காட்டும் என்று நண்பர் விளக்கியதை எனக்காகவும்தான் குறித்துக்கொண்டேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை பைட் என்று கேட்டது இன்னொரு தாள். மூன்று எழுத்தானாலும் உள்ளே ஐந்து குறிகள், ஆகவே 15 பைட் என்று எண்ணிப் பார்த்தோம். உடனே ஒரு மாணவி 'அம்மா'வையும் எண்ணி, அதுவும் 15 என்று கூவினாள். கலைச்சொற்களைப் பற்றி எங்களுக்குள் எந்தச் சண்டையும் வரவில்லை. பாக்கெட்டும் பொதியும் ஒரே தாளில் இருந்தன.

கதவோரம் இருந்தவனின் தாளில், "திசைவி கைவிட்ட பொதி எங்கே போகும்?" என்று எழுதியிருந்தது.

அதை நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "எங்கேயும் போகாது தம்பி. திசைவியோட நினைவகத்திலிருந்து அழிஞ்சிடும். ஆனா அனுப்பினவர்கிட்ட ஒரு பிரதி இருக்கும். ஒப்புகை வர்ற வரைக்கும் அவர் அதைக் கீழே போடக்கூடாது. அதுதான் விதி" என்றார்.

அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நானும் எழுதிக்கொண்டேன். தீபாவளி கழிந்துவிட்டது. மாலையில் அந்தக் கடைக்குப் போகிறான். காலையில் கல்லூரிக்கும் வருகிறான். தேர்வு முடிவு வரவில்லை. இந்த ஆண்டு முதலாண்டு வகுப்பில் இல்லிக்குடத்தை நான் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டலைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றாள்.