தோலும் தண்டவாளமும்

லண்டனில் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கையும், டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் யூ.எஃப்.ஓ. கிளப் இருந்த இடத்தையும் தேடிப்போய்ப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் 1965-இல் உருவாகி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வண்ண விளக்குகள் சுழல சைக்கடெலிக் ராக் வாசித்துப் பெயரெடுத்த இடங்கள் அவை. சான் பிரான்சிஸ்கோவில் ஆஷ்பரி தெரு 710-ஆம் எண் வீட்டு வாசலில் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு இசைக்குழு எந்த மண்ணில் முளைத்தது என்று பார்க்கிற ஆசை நல்ல ஆசை. அதே ஆசையோடு நம் பக்கம் கிளம்பினால் எங்கே போவது?

நான் ஒரு ரயில் பாதையைச் சொல்வேன். ராயபுரத்தில் தொடங்கி, அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக பங்காரப்பேட்டையில் கிளை பிரிந்து, கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் முடிகிற பாதை. குழு, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. டென்மா அதற்கு முன் குரங்கன் என்ற தமிழ் ராக் குழுவில் இருந்தவர். புதிய குழுவில் கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம்; பறையும் சட்டியும் கட்டமோளமும் இன்னொரு பக்கம்; நடுவில் கானாவும் ராப்பும். சைக்கடெலிக் ராக் என்ற பெட்டிக்குள் இது அடங்காது. ஆனால் அறுபதுகளில் அந்த இளைஞர்கள் சத்தத்தை வைத்து ஒரு தலைமுறையின் மனத்தைத் திறக்கப் பார்த்தார்களே, அதே வேலையைத்தான் இவர்கள் செய்தார்கள். இவர்கள் திறக்க நினைத்த பூட்டு சாதி.

ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அதாவது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே துறைமுகத்தை ஆற்காட்டுத் தோல் சீமையோடு இணைத்த பாதை. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் இருக்கிறது. குழுவின் பாடகி இசைவாணி இந்த ராயபுரத்துப் பெண். கானா ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்தில் மேடையேறியவர், 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சட்டியும் கட்டமோளமும் இந்தப் பகுதியின் சாவு ஊர்வலங்களில் பிறந்த சத்தம். அவற்றை வாசிக்கிறவர்கள், இரவு முழுக்கப் பாட்டுக் கட்டி, பிணத்தை எடுக்கும்வரை துக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற கலைஞர்கள். சபாக்கள் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

வண்டி வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனைத் தாண்டும்போது இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படத்தில் கதையின் மையமாக நின்ற சுவர் நினைவுக்கு வராமல் போகாது. பிறகு பெரம்பூர், ரயில்வே பணிமனைகள், அந்தப் பணிமனைகளை நம்பி எழுந்த தொழிலாளர் குடியிருப்புகள். பெரம்பூரிலிருந்து சற்று விலகிக் கீழ்ப்பாக்கம் போனால், குழுவின் முதல் கச்சேரி நடந்த பள்ளி மைதானம் வரும். 2018 ஜனவரி 6. பத்தொன்பது பேர் ஒரே மாதிரி சாம்பல் நிற கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, மலக்குழி மரணங்களைப் பற்றிப் பாடினார்கள். மார்கழி மாதம் அது. சென்னையில் சங்கீத சீசன். அதே நகரத்தில், அதே மாதத்தில் இப்படியொரு மேடை அமைந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் கர்லப்பாக்கம், இரஞ்சித்தின் ஊர். 'அட்டகத்தி'யில் பஸ்ஸும் ரயிலுமாக அலைகிற இளைஞனை எடுத்தவருக்கு, நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே தொங்குகிற இந்த நிலம் நன்றாகத் தெரியும். அடுத்த ஐம்பது கிலோமீட்டர் போலத் வேகமாகக் கடந்துவிடலாம்.

அரக்கோணம். ராப் பாடகர் அறிவு பிறந்து வளர்ந்த ஊர். இரஞ்சித்தின் 'காலா' படத்தில் பாட்டெழுதி, இந்தக் குழுவில் பாடி, 2021-இல் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயோடு 'என்ஜாய் எஞ்சாமி' பாடியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பாட்டின் ஊற்று அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு வெறுங்கையோடு இந்த மண்ணுக்குத் திரும்பியவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது அறிவின் முகம் அதில் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். எழுதிப் பாடியவனை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிற வழக்கம் நமக்குப் புதிதல்ல. தோலை எடுத்துக்கொண்டு, தொட்டவனைத் தள்ளிவைத்த ஊர்தானே இது.

அந்தத் தோல், அரக்கோணத்துக்கு அப்பால் ஆரம்பிக்கிறது. வாலாஜா ரோடில் இறங்கினால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம். காட்பாடி தாண்டி லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு. பெரும்பாலான மாதங்களில் மணலும் முள்ளும் மட்டும் தெரிகிற பாலாறு. ஜன்னல் வழியாக வருகிற வாடையை வைத்தே ஊர் வந்துவிட்டதென்று சொல்லிவிடலாம் என்பார்கள். ரயில் வந்தபின் இங்கே பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போனது. முதலாளிகளில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம்கள். தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

தோல் எப்படித் தோலாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பச்சைத் தோல் உப்புப் போட்டு வருகிறது. தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் எடுக்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்தால் மயிர் கழன்றுவிடும். உட்புறத்தில் ஒட்டிய சதையை வழித்தெடுக்க வேண்டும். பிறகு பதம். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இப்போது பெரும்பாலும் குரோம்; டிரம்மில் சுற்றி வெளியே வரும்போது தோல் நீலம் பாய்ந்து நிற்கும். பதமான தோல் அழுகாது, வளையும், ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது. ஷூ கம்பெனிக்கு அதுதான் வேண்டும்.

பறைக்கு அது ஆகாது. பறைக்கு வேண்டியது பதனிடாத தோல். மயிரையும் சதையையும் சுரண்டிவிட்டு, ஈரத்தோடு வட்ட மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெயிலில் காயவிட வேண்டும். சட்டத்தில் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அந்தத் தோலுக்கு உயிர் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்: பனி விழுந்தால் தொய்ந்துவிடும், தீயில் காட்டினால் முறுக்கேறும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, கணீரென்று வந்தபின்தான் அடிகுச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் எடுப்பார்கள். கிதாருக்குச் சுருதி சேர்க்கிற நேரத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஒரே மாட்டுத் தோல்தான். பதனிட்டால் ஐரோப்பாவில் ஒருவர் காலுக்குப் போகிறது. பதனிடாவிட்டால் சேரியில் ஒருவர் தோளுக்கு வருகிறது. முதலாவதை ஏற்றுமதி என்று பாராட்டினோம். இரண்டாவதைத் தீட்டு என்று ஒதுக்கினோம்.

இங்கேதான் இந்தக் குழுவின் கதையில் நான் மிக முக்கியமாகக் கருதும் முடிச்சு இருக்கிறது. பறையைக் கொண்டாட வேண்டும் என்பது தலித் இயக்கத்தின் ஒரே குரல் அல்ல. இந்த மாவட்டங்களில் பறையைக் கீழே போட்டதுதான் விடுதலையின் முதல் அடி என்று நினைத்த தலைமுறை உண்டு. ஊர் சாவுக்கு அடிக்கமாட்டோம், கூப்பிட்டால் வரமாட்டோம் என்று நின்று அடி வாங்கியவர்கள் உண்டு. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'வல்லிசை' நாவலுக்குப் பறைதான் பொருள். அதை வாசித்தவர்களுக்கு அந்தக் கருவியின் பெருமிதமும் அதில் ஏறிய அவமானமும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்து கிடப்பது தெரியும். ஆக, 2018-இல் ஒரு இளைஞன் கோட்டு சூட்டோடு பறையை மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவது எளிய காரியமில்லை. தாத்தா தூக்கி எறிந்ததைப் பேரன் எடுத்து மாட்டுகிறான். இருவரும் செய்தது ஒரே காரணத்துக்காக என்பது என் எண்ணம். தாத்தாவுக்குப் பறை கட்டளை. கூப்பிட்டால் போயாக வேண்டும், கொடுத்ததை வாங்கியாக வேண்டும். பேரன் தானாகத் தேர்ந்தெடுத்து, தான் எழுதிய பாட்டுக்கு அடிக்கிறான். கருவி அதேதான், யார் சொல்லி அடிப்பது என்பது மாறிவிட்டது.

தோல் சீமைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாலாற்றில் கலந்த கழிவுநீரைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற உதவிய தீர்ப்பு அது. இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். கீழ்ப்பாக்கத்து மேடையில் மலக்குழி மரணங்களைப் பற்றிப் பாடியதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது இது. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராணிப்பேட்டைதான் கண்முன் வருகிறது.

ஆம்பூரில் காலை ஷிப்டுக்கு ஷூ கம்பெனி பஸ்களில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்க, ஒட்ட, ஓரம் மடிக்க. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கைத்தையல் போடுகிறவர்களும் உண்டு. ஊசியும் தடித்த நூலும் விரலைக் கிழிக்கும், கூலி ஜோடிக்குத்தான். ஆம்பூர் என்றால் பிரியாணி என்று தெரிந்த அளவுக்கு இந்த விரல்களைத் தெரியாமல் இருக்கிறோம். குழுவின் ஆரம்ப நாட்களைச் சொல்லும் பேட்டிகளில் வடசென்னை வரும், கானா வரும், ஆம்பூர் வருவதில்லை. தோல் தொழிலின் தொடுகையால் தீண்டாமைக்கு ஆளான மக்களின் இசை என்று ஒன்றைச் சொன்னால், அதன் நடு அத்தியாயம் இங்கேதான் எழுதப்பட்டது.

ஜோலார்பேட்டையில் பாதை பிரிகிறது. ஒன்று சேலம் பக்கம். இன்னொன்று 1864-இல் பெங்களூருக்குப் போட்டது. சைக்கடெலிக் ராக் என்ற பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகிறவர்கள் இந்த இரண்டாவது பாதையில் கிடைப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியில் இந்தியா முழுவதிலுமிருந்து ராக் குழுக்கள் வந்தன. மெட்ராஸ் குழுக்களும் அதில் உண்டு. ஹ்யூமன் பாண்டேஜ் அந்தக் காலத்தின் பெயர்பெற்ற குழு. அதன் டிரம்மர் ரமேஷ் சோத்தம் மெட்ராஸில் பிறந்தவர். ராக் டிரம்ஸ் அடித்துப் புகழ் பெற்றபின் பெங்களூரில் தவில் கற்றுக்கொண்டு, ஜெர்மனியில் குடியேறி, அதை ஐரோப்பிய ஜாஸ் மேடைகளுக்குக் கொண்டுபோனார். அப்போதே டிரம்ஸ் செட்டில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. அவர் மீண்டும் தோலைத் தேடிப் போனது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அந்தத் தலைமுறையின் ராக் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்குள்ளேயே சுற்றி வந்தது. சேரிக்கு வந்துசேர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஆந்திரத்தின் ஓரத்தில் குப்பத்தைத் தாண்டி, கர்நாடகத்தின் பங்காரப்பேட்டை. அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் கிளைப் பாதை, 1894-இல் திறந்தது: கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். வட ஆற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய தலித் குடும்பங்கள் இங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கித் தங்கம் வெட்டின. 2024-இல் வெளியான இரஞ்சித்தின் 'தங்கலான்' அந்தக் கதைதான். மண்ணுக்கடியில் உயிரைப் பணயம் வைத்தார்கள். ஆனால் கூலி காசாகக் கிடைத்தது, ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. அந்தக் கூலியில் அவர்கள் பள்ளி வைத்தார்கள், சங்கம் வைத்தார்கள், அச்சகம் வைத்தார்கள்.

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது, அதை வாங்கிப் படித்துத் தாங்கியவர்களில் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் அதே சங்கத்தைச் சார்ந்த பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் இருந்தார்கள். இதழ் ரயிலில் போயிற்று. சந்தாப் பணம் அதே ரயிலில் வந்தது. சாதிபேதமற்ற திராவிடர் என்று தம் மக்களை அழைத்தவர் அயோத்திதாசர். குழுவின் பெயர் அவரிடமிருந்து எடுத்தது என்று இரஞ்சித்தே சொல்லியிருக்கிறார்.

1914-இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழ் நின்றது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பல்லாண்டுகள் தமிழ் அறிவுலகம் அவரை மறந்து கிடந்தது. இதழ்களை விடாமல் வைத்திருந்தவர்கள் அவர் வழி வந்த குடும்பங்களும் அன்பு பொன்னோவியம் போன்ற ஆய்வாளர்களும். அந்தத் தாள்களை வைத்துத்தான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைப் பதிப்பித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அச்சில் ஏறிய அந்தத் தொகுதிகளிலிருந்து சென்னையின் இளைஞர்கள் பண்டிதரைக் கண்டெடுத்தார்கள். 2017-இல் ஒரு இசைக்குழுவுக்குப் பெயர் தேடியபோது அது தயாராக இருந்தது.