பின் சீட்டு இல்லாத காடி

கார் விமர்சனங்களில் அடிக்கடி வரும் ஒரு பாராட்டு உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸுக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் விரட்டலாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கல்யாணத் தரகர் ஞாபகம்தான் வரும். "பையன் ரொம்ப சாது. ஆனா கோவம் வந்தா சிங்கம்." இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் யாருக்கு வசதி என்று எந்தத் தரகரும் சொல்வதில்லை.

போன வருடம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, செகண்ட் ஹேண்ட். 2.0 லிட்டர் டர்போ, 220 குதிரைசக்தி, நான்கு கதவு, பெட்டி வைக்கப் பெரிய பூட், ஜில்லென்று ஏர்கோன். இன்னொன்று புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின், 140 குதிரைசக்திக்குப் பக்கம். 1996இல் புரோட்டோன் லோட்டஸ் கம்பெனியை வாங்கியது, அந்த லோட்டஸ்காரர்கள் சஸ்பென்ஷனைச் செதுக்கிக் கொடுத்த கார் இது. பின்னால் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்று ஒட்டியிருக்கும். நான் பார்த்த காரை அதன் சொந்தக்காரர் டிராக்குக்கென்றே மாற்றியிருந்தார். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, இரண்டு பக்கெட் சீட்டு. பின் சீட்டு இல்லை, கார்ப்பெட் இல்லை, ஏர்கோன் இல்லை, ரேடியோ இல்லை. ரோட் டெக்ஸும் இல்லை. டிராக்குக்குக் கொண்டுபோக லோரிதான்.

கோல்ஃப் என்றால் வீட்டிலிருக்கும் மைவியை விற்று அந்தக் காசையும் போட வேண்டும். சத்ரியா என்றால் மைவி வீட்டிலேயே இருக்கும். கணக்கு இவ்வளவுதான்.

கேட்டவர்கள் எல்லாரும் கோல்ஃப் என்றார்கள். மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "காடின்னா நாலு பேரு ஏறிப் போவணும்டா. ரோட்டுல ஓட்ட முடியாத காடிய காசு கொடுத்து வாங்குவானா ஒருத்தன்?" அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் எங்க உக்கார்றது?" முட்டி தேய்ந்துபோன அவரால் அந்தக் கூண்டின் குறுக்குக் குழாயைத் தாண்டி உள்ளே இறங்கவே முடியாது.

டிராக் காரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. ரோட்டுக் காரையே இன்னும் கொஞ்சம் முறுக்கேற்றினால் டிராக் கார் என்று. அப்படி இல்லை. டிராக்கில் உயிரைக் காப்பாற்றும் சாமான்தான் ரோட்டில் உயிரை வாங்கும். கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டி உட்கார்ந்தால்தான் அது காவல். ஹெல்மெட் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போகும்போது யாராவது லேசாக இடித்தால் போதும், மண்டைக்குப் பக்கத்திலேயே இரும்பு. செமி-ஸ்லிக் டயர் சூடேறினால் பசை மாதிரி ஒட்டும். ஆனால் அதில் தண்ணீர் வெளியேறக் காடி குறைவு, கிள்ளானில் நாலு மணிக்குக் கொட்டும் மழையில் அது வழுக்கும். டிராக் பிரேக் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. முதல் சிவப்பு விளக்கிலேயே வேர்த்துவிடும்.

ரோட்டுக் கார் டிராக்குக்குப் போனால் அங்கே வேறு கதை. செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நேர்ப்பாதை இரண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். கோல்ஃப், சத்ரியாவைவிட ஏறக்குறைய 300 கிலோ கூடுதல் கனம். அந்தக் கனத்தையும் வேகத்தையும் பிரேக்தான் வெப்பமாக்கி முழுங்க வேண்டும். சாதாரண டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காமல் தாங்கும். பழசாகி ஈரம் குடித்துவிட்டால் 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் குமிழி. அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதித்த மாதிரி இருக்கும். பேடையும் எண்ணெயையும் மாற்றிச் சமாளிக்கலாம்தான். மாற்ற மாற்ற அது ஆபீஸ் காராக இருப்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

இதெல்லாம் மாமாக் கடையில் ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரை பேசலாம். என் முடிவு இதில் எதிலும் இல்லை.

கோல்ஃபைப் பார்க்கத் தம்பியையும் கூட்டிப் போயிருந்தேன். விற்பவர் ஓட்டினார், நான் பக்கத்தில், தம்பி பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியதும் விற்பவர் லேசாக அழுத்தினார். சத்தமில்லை, குலுக்கல் இல்லை. தம்பி என் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ண்ணே, நூத்தி நாப்பது! தெரியவே இல்லண்ணே."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். விமர்சகர்களும் அதைத்தான் பாராட்டுகிறார்கள்.

தம்பிக்கு 19 வயது. பி ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் எல்லாச் சாவியும் ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். நாசி லெமாக் வாங்க, கேஸ் தூக்கி வர, யாருக்கு வேண்டுமோ எடுத்துப் போவார்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே ஒரு சாவியை மட்டும் நான் ரூமில் வைத்துப் பூட்டினால், அது அவனுக்குச் சொல்லும் சேதி வேறு. மாமா வீட்டு ஹாலில் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. அவர் மூத்த மகன். அப்போது அவனுக்கு 22. அதனால்தான் மாமாவிடம் இந்தக் காரணத்தை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஏர்கோன், விலை, சஸ்பென்ஷன் என்று ஏதேதோ பேசினேன்.

இதற்குப் பதில் இருக்கிறது, எனக்கும் தெரியும். மோதினால் ஆளைக் காப்பாற்றுவதில் பழைய சத்ரியா கோல்ஃபுக்குப் பக்கத்தில்கூட வராது. தப்பு காரில் இல்லை, ஓட்டுகிறவன் காலில் இருக்கிறது. சரிதான். ஆனால் 19 வயதுக் கால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். மைவியில் 110 தாண்டினாலே எஞ்சின் கத்தும், கண்ணாடி நடுங்கும், அம்மா பின்னாலிருந்து முருகா என்பார். வேகம் அங்கே தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல கார் அதை மறைத்துக் கொடுக்கிறது. நாற்பது வயதில், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு கோல்ஃப்தான் சரி என்று நானே சொல்வேன். எங்கள் வீட்டு ஆணிக்கு அது சரியில்லை.

சத்ரியாவை வாங்கினேன். லோரிக்காரருக்கு ஒரு தொகை, டிராக்குக்கு ஒரு தொகை, டயருக்குத் தனி. வருடத்தில் மூன்று தடவை போனால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் வாசலில் துணி போர்த்தி நிற்கிறது. "வருசத்துக்கு மூணு தடவ இழுக்குறதுக்கு அது என்ன கோயில் தேரா?" என்கிறார் மாமா. அந்தக் கேலி எனக்குப் பிடித்திருக்கிறது. தேரை யாரும் சில்லறைச் சாமான் வாங்க எடுத்துக்கொண்டு போவதில்லை.

முதல் தடவை செப்பாங் போனபோது தம்பிக்கு ஹெல்மெட் மாட்டிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். 14ஆம் வளைவு கொஞ்சம் கொடுமையானது. திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், காரின் பின்பக்கம் நம்மை முந்தப் பார்க்கும். வெறும் தகரத்தில் கல் தெறிக்கிறது, காலுக்கடியில் அடுப்பு மாதிரி சூடு. ஹெல்மெட்டுக்குள் அவன் என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் கையைக் காட்டினான். உள்ளே வந்ததும் பிட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். நூறு பிளஸ் ஒரு டின் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ போச்சுண்ணே?"

"நேர்ல 160 இருக்கும்."

"அவ்ளோதானா?"

வீட்டுக்கு வரும் வழியில், அடுத்த தடவை தான் ஓட்டலாமா என்று கேட்டான். முதலில் மெதுவாக நாலு சுற்று, நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன். ஆகஸ்டில் ஒரு தேதி பார்த்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

விற்றவர் கழற்றிய பின் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்து கூடவே கொடுத்தார். ஸ்டோரில் போட இடமில்லை. அம்மா அதைக் கழுவிக் காயவைத்து, இரண்டு மரப்பலகையின் மேல் தூக்கிவைத்து, போர்ச்சில் போட்டுக்கொண்டார். முட்டிக்கு அந்த உயரம் சரியாக இருக்கிறதாம். சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.